நம் வீட்டுக் கால அட்டவணை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஏறிப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி யாது என்று நானே பலமுறை என்னைக் கேட்டுக்கொண்டேன். நான் புலவனல்லன்; பட்டதாரியும் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இருபத்தோராம் வயதில் இரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு ஒன்று எழுதிக் குமாஸ்தாவானவன். ஆண்டு விழாவில் நாற்காலி போடுவதும், பந்தியில் சாம்பார் வாளி தூக்குவதுமே இதுவரை எனக்குக் கிடைத்த பணிகள். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னைக் கூப்பிட்டு, "வாளியைச் சற்று நேரம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீர் பேசும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "சென்ற ஆண்டு செயற்குழுக் கூட்டத்தில் நீர் மூன்று முறை சொன்ன சொல்லைப் பற்றி" என்றார். அந்தச் சொல் 'நேரமில்லை' என்பது.

நடந்தது இதுதான். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நின்றுபோய் இரண்டு வருஷம் ஆயிற்றே என்று பேச்சு வந்தது. வகுப்பை எடுத்து நடத்த இயலுமா என்று என்னைக் கேட்டார்கள். நேரமில்லை என்றேன். சந்தா வசூலுக்காவது வருவீரா என்றார்கள். நேரமில்லை என்றேன். "உம்முடைய பெண்ணுக்காவது வீட்டில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறீரா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அதற்கும் என் வாயில் அதே சொல்தான் வந்தது. என் மகளுக்கு அப்போது வயது பதினொன்று. வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் எழுதுவாள். தமிழ் பேசுவாள், அவ்வளவே. கோவில்பட்டியில் இருக்கும் என் தாயாருக்குக் காது சரியாகக் கேளாமையால் தொலைபேசி உதவாது. மாதம் ஒரு முறை தம் கையாலேயே உள்நாட்டுக் கடிதம் எழுதுவார். அக்கடிதத்தை நான் படித்துச் சொன்னால்தான் பேத்திக்கு விஷயம் தெரியும். அந்த ஆடி மாதத்துக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஐந்து நாள் பிரிக்கப்படாமலே கிடந்தது. பிரித்துப் பார்த்தபோது, கண்ணில் புரை அறுவை செய்துகொள்ளப் போவதாகவும், இம்முறை மறுமொழியைப் பேத்தி தன் கையால் எழுதினால் தேவலை என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரயில்வேக்காரன் ஒருவன் நேரமில்லை என்று சொல்வது, மளிகைக் கடைக்காரன் தராசு இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். இந்நாட்டு மக்களை நிமிஷக் கணக்குப் பார்க்கப் பழக்கியதில் நம் இலாகாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1853இல் பம்பாயிலிருந்து தாணேக்கு முதல் பயணி வண்டி ஓடிய காலத்தில், ஒவ்வோர் ஊருக்கும் அந்தந்த ஊர்ச் சூரியனே கடிகாரம். வண்டிகள் ஊர்விட்டு ஊர் ஓடத் தொடங்கியபின் அது சரிப்படவில்லை. கல்கத்தா நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் ஒரு மணிக்கு மேல் வித்தியாசம். ஆகையால் இரண்டுக்கும் இடைப்பட்ட மதராஸ் நேரத்தையே இரயில்வேக்கள் பொது நேரமாகக் கொண்டன. மதராஸ் வானாய்வு நிலையத்திலிருந்து தந்தி மூலம் மணி அறிவிக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது தமிழர்களாகிய நமக்குச் சற்றே நெஞ்சு நிமிர்கிறதல்லவா? 1906 ஜனவரி முதல் தேதியில் மிர்சாபூர் பக்கமாகச் செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு இந்திய நேரம் வகுக்கப்பட்டது. அதன் பிறகும் கல்கத்தா நகரம் 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் சொந்த நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். கரக்பூரில் வாழும் நமக்கு அதில் ஓர் உபயோகம் இருக்கிறது. கடிகாரம் தேசம் முழுவதும் ஒன்றுதான்; சூரியன் ஒன்றல்ல. நம் ஊர் அந்த நடு ரேகைக்குக் கிழக்கே இருக்கிறது. கோவில்பட்டி அதற்கு மேற்கே இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இவ்விரண்டு ஊர்களுக்கும் சூரியக் கணக்கில் ஏறக்குறைய 38 நிமிஷ வித்தியாசம் வருகிறது. அத்துடன் நாம் வடக்கே தள்ளி வந்திருப்பதால், கோடையில் பகல் இன்னும் நீளுகிறது. ஜூன் மாதத்தில் அங்கே ஆறு மணியளவில் சூரியன் உதிக்கும். இங்கே ஐந்துக்கு முன்பே உதித்துவிடுகிறது. டிசம்பர் மாதத்திலோ மாலை ஐந்து மணிக்கெல்லாம் இங்கே விளக்கேற்ற வேண்டியதாகிறது. அங்கே ஆறு வரையில் வெளிச்சம் இருக்கும். நாமோ, ஊரில் பாட்டி எழுப்பிய அதே ஆறு மணிக்கு இங்கும் எழுந்து, வெயில் ஏறிவிட்டதே என்று முணுமுணுக்கிறோம். மாலை ஆபீசிலிருந்து வந்தபின் செய்யலாம் என்று வைத்திருந்த வேலைகளை, இருட்டிவிட்டதே என்று விட்டுவிடுகிறோம். கடிகாரத்தை இங்கே கொண்டுவந்தோம். பழக்கத்தை ஊர்ச் சூரியனுக்கே வைத்துக்கொண்டோம். நம் வங்காளி அண்டை வீட்டார் விடியலிலேயே கடைத்தெருவுக்குப் போய் மீன் வாங்கித் திரும்பிவிடுவதை நான் பல வருஷம் ருசிக்காக என்றே எண்ணியிருந்தேன். ருசியோடு வெளிச்சமும் அதற்குக் காரணம் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

நம் முன்னோர் பொழுதைச் சூரியனோடு சேர்த்தே வகுத்தார்கள். நாளை 60 நாழிகையாக்கி, ஒரு நாழிகைக்கு நம் கணக்கில் 24 நிமிஷம் என்றார்கள். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று பத்துப் பத்து நாழிகையாக ஆறு சிறுபொழுதுகள். போர்ப் பாசறையிலும் நீர்க் கடிகாரத்தைப் பார்த்து மன்னனுக்குப் பொழுது சொன்ன நாழிகைக் கணக்கர்களை முல்லைப்பாட்டில் காணலாம். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே காலமறிதல் என்று பெயரிட்டார். காலத்தை நிரப்புதல் என்று அவர் பெயரிடவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

நிற்க. என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன்.

மேல்நிலைக்கான இலாகாத் தேர்வை நான் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தவறினேன். இரண்டாம் முறை தவறியதும் எனக்கு ரோஷம் வந்தது. ஒரு தாளில் அட்டவணை போட்டேன். காலை 5 முதல் 6½ வரை படிப்பு. 6½ முதல் 7 வரை தேகப்பயிற்சி. 7 முதல் 7½ வரை மகளுக்குத் தமிழ். மாலை 6½ முதல் 8 வரை மறுபடியும் படிப்பு. 8 முதல் 8½ வரை கடிதங்கள். இப்படியே இரவு 10 வரையில் ஓர் இஞ்சுகூட வெள்ளை விடாமல் நிரப்பினேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. சுவரில் ஒட்டினேன். ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. அன்றோடு அட்டவணை கவிழ்ந்தது. அவளுக்குக் காய்ச்சல் கண்டால் என் படிப்பு ஏன் நிற்க வேண்டும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. ஊழ்வினை என்று எண்ணிக்கொண்டேன்.

ஆடி மாதத்துக் கடிதத்துக்குப் பிறகுதான், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ட ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அப்போது கன்ட்ரோல் அலுவலகத்தில் கோப்புகளும் தேநீரும் கொண்டு கொடுக்கும் ஏவலாள் நான். கன்ட்ரோலர் முன்னால் மேசை நீளத்துக்கு ஒரு பெரிய தாள் விரிந்திருக்கும். மேலிருந்து கீழாக ஸ்டேஷன்களின் பெயர்கள். இடமிருந்து வலமாக மணிகள். வண்டி ஒன்று ஒரு ஸ்டேஷனைக் கடந்ததாகச் செய்தி வந்தவுடன் அவர் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, முந்தின புள்ளியோடு கோடிட்டு இணைப்பார். வேகமாகப் போகும் மெயில் செங்குத்தாகச் சாயும். சரக்கு வண்டி படுத்தவாறு போகும். நிற்கும் வண்டியின் கோடு நேராகப் படுத்துவிடும். இக்காலத்தில் இக்கோடுகள் கம்ப்யூட்டர் திரையில் விழுகின்றன. கோட்டின் தத்துவம் மாறவில்லை.

அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து, படிக்காமலே சில விஷயங்களை நான் தெரிந்துகொண்டிருந்தேன். இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலுள்ள பகுதியில், ஒரு தண்டவாளத்தில் ஒரு சமயத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு கோடுகள் ஸ்டேஷனில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். நடுவழியில் வெட்டினால் அதன் பெயர் விபத்து. ஆகவே ஒரு வண்டி மேலே போக வேண்டுமானால், மற்றொன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்கிறது என்று பொருள். நிற்பது எது என்று பார்க்காமல், போவது எது என்பதை மட்டும் பார்ப்பவனுக்குத் தாள் புரியாது.

இன்னொன்று. ஒரு வண்டி ஓடுவதற்கு வேண்டிய நேரம் எத்தனையோ அத்தனையை மட்டும் அட்டவணையில் போடுவதில்லை. பாதையில் பழுது பார்க்கும் இடங்களில் மெதுவாகச் செல்ல வேண்டும் என்பதற்காக ஒரு கூடுதல், நெரிசலுக்காக ஒரு கூடுதல் என்று நிமிஷங்களைச் சேர்த்தே போடுகிறார்கள். பயணிகளில் சிலர், வண்டி கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் ஆடி அசைந்து வருவதைக் கண்டு, சோம்பேறி அட்டவணை என்று ஏசுவதுண்டு. அந்தக் கூடுதல் இல்லையேல், முதல் வண்டி ஐந்து நிமிஷம் தாமதித்தால் அதன் பின்னால் வருபவை எல்லாம் வரிசையாகத் தாமதிக்கும். அதைப்போலவே, வண்டியே ஓடாத சில மணிகளைப் பாதைப் பராமரிப்புக்கென்று ஒதுக்குகிறார்கள். பிளாக் என்று நாம் சொல்வது. வண்டி ஓடாத நேரம் வீண் என்று பிளாக்கைத் தொடர்ந்து மறுத்தால், தண்டவாளம் ஒரு நாள் தானே பிளாக் எடுத்துக்கொள்ளும். நம் தேகத்தின் உறக்கமும் அத்தகையதே என்று சொன்னால் மருத்துவ அன்பர்கள் மறுக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

என் சுவர் அட்டவணையில் கூடுதலும் இல்லை, பிளாக்கும் இல்லை. எல்லா வேலையும் மெயில் வண்டி. ஒரு வேலையிலிருந்து மறு வேலைக்குப் போகும் நேரத்தைக்கூட நான் கணக்கிடவில்லை. நம் கரக்பூர் நடைமேடை 1072 மீட்டருக்கு மேல் நீளம். உலகிலேயே நீளமானது என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தோம். 2013இல் கோரக்பூரும், பின்னர் 2023இல் 1507 மீட்டருடன் ஹுப்பள்ளியும் அப்பெருமையைக் கொண்டு போயின. அந்த நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கக் கால் மணி ஆகும் என்று விருந்தாளிகளுக்குச் சொல்லும் நான், ஆபீசிலிருந்து வீடு வந்து, கை கால் கழுவி, புத்தகத்தைத் தேடி எடுக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று ஒரு நாளும் அளந்தவனல்லன். அளந்தபோது 35 நிமிஷம் வந்தது.

எனவே புதிய அட்டவணை போடுவதற்கு முன்னால், ஓடியதை வரைவோம் என்று தீர்மானித்தேன். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, ஸ்டேஷன்களின் பெயர்களுக்குப் பதிலாக அடுக்களை, குழாயடி, கூடம், பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஆபீஸ் என்று எழுதினேன். இடமிருந்து வலமாகக் காலை 4 முதல் இரவு 11 வரை. எனக்கு நீலப் பென்சில். ஒரு வாரம், கால் மணிக்கு ஒரு முறை, இருந்த இடத்தில் புள்ளி வைத்தேன். இரண்டாம் நாள், எதற்கும் இருக்கட்டும் என்று, என் மனைவியின் கோட்டையும் அதே தாளில் சிவப்புப் பென்சிலால் வரையச் சொன்னேன். "எனக்கு எதற்கு? நான் வீட்டில்தானே இருக்கிறேன்" என்றாள். நானும் அப்படியே எண்ணியிருந்தேன்.

வாரக் கடைசியில் தாளை விரித்தோம். என்னுடைய நீலக் கோடு ஒன்பதரை முதல் ஆறு வரை ஆபீசில் படுத்திருந்தது. அதற்குக் குற்றம் இல்லை, சம்பளம் அதற்குத்தான். ஆனால் மாலையில் கூடத்திலும் அது நீண்டு படுத்திருந்தது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் நாளொன்றுக்குச் சராசரி 1 மணி 20 நிமிஷம். தேநீர்க் கடையில் 40 நிமிஷம். நேரமில்லை என்று செயற்குழுவில் மூன்று முறை சொன்னவனின் கோடு அது. சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் எங்கள் இருவருக்குமே பேச்சு எழவில்லை. அது கோடாகவே இல்லை; தையல் இயந்திரம் தைத்ததுபோல மேலும் கீழும் போய் வந்தது. காலை நாலேமுக்காலுக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் குழாயடிக்கும் அடுக்களைக்கும் இடையே பதினான்கு தடவை. இரவு பத்தேகால் வரையில் அந்தக் கோடு சேர்ந்தாற்போல் இருபது நிமிஷம் ஓய்ந்து படுத்த இடம் ஒன்றே ஒன்று. பிற்பகல் இரண்டரை மணி. அப்போதும் முறத்தில் பருப்புப் பொறுக்கியிருக்கிறாள்.

நான் ஐந்து மணிக்குப் படிக்க உட்கார்ந்த ஒன்பது நாளில் நடந்தது அப்போதுதான் விளங்கிற்று. ஐந்து மணிக்கு எனக்குக் காப்பி வேண்டும். ஆகவே அவள் நாலேமுக்காலுக்கு எழுந்தாள். குழாயில் நீர் வரும் வேளையும் அதுவே. முன்பு ஒரு குடம் நான் பிடித்துவைப்பேன், அட்டவணை வந்தபின் அதையும் விட்டேன். பிள்ளைகளின் காலணிக்கு மெருகிடுவது என் வேலையாக இருந்தது. தேகப்பயிற்சி அதை விழுங்கிற்று. என்னுடைய மெயில் வண்டி நேரத்தோடு ஓடியது உண்மை. அவளை லூப் லைனில் நிறுத்தி வைத்து ஓடியது. அவளுக்குக் காய்ச்சல் கண்டவுடன் அது நின்றதில் ஊழ்வினை எங்கே இருக்கிறது?

இதை நான் சபையில் சொல்வதில் என் மனைவிக்கு முதலில் சம்மதமில்லை. "நம் வீட்டுக் கதையை மைக்கில் சொல்ல வேண்டுமா?" என்றாள். எல்லா வீட்டிலும் அதே சிவப்புப் பென்சில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு வீடாவது சொல்லட்டும் என்றேன். ஒன்றைச் சொல்ல மறந்தேன். அவள் என்னைவிடப் படித்தவள். பி.காம். தேறியவள், பள்ளி நாட்களில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவள். கலியாணமான புதிதில் வங்கித் தேர்வுக்குப் புத்தகம் வாங்கியிருந்தாள். அந்தப் புத்தகம் எங்கே என்று அன்றிரவு கேட்டேன். அலமாரியின் கால் ஆடாதிருக்க அடியில் வைத்திருப்பதாகச் சொன்னாள். அவள் சிரித்தாள், என்னால் முடியவில்லை.

பிறகு நாங்கள் இருவருமாக ஒரே தாளில் அட்டவணை போட்டோம். பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. குழாய் நீர் முழுவதும் என் பொறுப்பு. என் மதியச் சாப்பாட்டு அடுக்கை நானே கட்டிக்கொள்வது. காய் நறுக்குவது முந்தின இரவே, இருவரும் பேசிக்கொண்டு. மகனுக்கு வயது எட்டு. அவனவன் காலணி அவனவனுக்கு. முதல் வாரம் ஒரு காலணியில் கறுப்பும் ஒரு காலணியில் பழுப்புமாகப் போனான், உலகம் கவிழவில்லை. மாலையில் ஏழு முதல் ஏழரை வரை மகளுக்கும் மகனுக்கும் தமிழ், அதை நான் எடுப்பது. அந்த அரைமணியில் அடுக்களைக்கு யாரும் அவளைக் கூப்பிடலாகாது. அவள் படுத்துக்கொண்டாலும் சரி, படித்தாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் பத்து நிமிஷம் வெள்ளை விட்டோம். இரவு பத்துக்கு மேல் பிளாக். கைப்பேசி கூடத்து அலமாரியில்.

இதில் எல்லாம் நிலைத்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். தேகப்பயிற்சி இன்றுவரை நடக்கவில்லை. மாதக் கடைசியில் ஆபீஸ் வேலை மிகுந்தால் ஏழு மணிப் பாடம் தவறிப்போகும். அந்த நாட்களுக்காகக் கன்ட்ரோலர் ஒருவரிடம் கேட்ட வழக்கம் ஒன்றைக் கைக்கொண்டேன். தாமதமாகிவிட்ட வண்டிக்காக நேரத்தோடு வரும் வண்டியைப் பொதுவாக நிறுத்தமாட்டார்கள். தாமதித்தது தன் அடுத்த வழி கிடைக்கும்வரை ஒதுங்கி நிற்கும். ஏழு மணிப் பாடம் தவறினால், எட்டு மணிச் சாப்பாட்டையும் பத்து மணி உறக்கத்தையும் தள்ளி அதை நடத்துவதில்லை. மறுநாள் ஏழு மணிக்கே நடத்துகிறோம். முன்பெல்லாம் ஒன்று தவறியதும் அன்றைய நாளே கெட்டது என்று எல்லாவற்றையும் கைவிடுவேன். அந்தக் குணம் இப்போது குறைந்திருக்கிறது. தேர்வை மூன்றாம் முறையும் எழுதியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. அரைமணி குறைவாகப் படித்தும் இம்முறை வினாத்தாள் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே அமர்ந்திருக்கும் ஓட்டுநர், கார்டு குடும்பத்தார்கள், "உமக்கென்ன, ஒன்பதரை மணி ஆபீஸ், எங்களுக்கு நடுநிசியில் அழைப்பு வருமே" என்று நினைப்பது எனக்குக் கேட்கிறது. கார்டு என்ற பெயரை 2022இல் டிரெயின் மேனேஜர் என்று மாற்றினார்கள். அழைப்பு வரும் நேரம் மாறவில்லை. அவர்களுக்கு மணிக்கணக்கு அட்டவணை உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் அண்டை வீட்டு ஓட்டுநர் நண்பர் ஒருவர் வேறு முறை வைத்திருக்கிறார். அவருக்கு நாள் என்பது சூரியன் உதிப்பதில் தொடங்குவதில்லை. தாம் உறங்கி எழுவதில் தொடங்குகிறது. எழுந்தவுடன் முதலில் குழந்தையோடு கால் மணி, பிறகு கணக்கு வழக்கு, பிறகு கடைத்தெரு என்று வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு மணியை விட்டுவிட்டார். அழைப்பு எப்போது வந்தாலும் வரிசையின் தலையிலிருந்தது நடந்திருக்கும். வாலிலிருந்தது போனால் போகட்டும் என்பார். அவர் உறங்கும்போது வீட்டார் தொலைக்காட்சியைத் தணித்து வைக்கிறார்கள் பாருங்கள், அவருடைய அட்டவணையில் பாதி அவர்கள் கையில் இருக்கிறது.

இனி வகுப்பு விஷயம். மாலை ஏழு மணி அரைமணியில் முதல் மாதம் என் மனைவி உறங்கினாள். இரண்டாம் மாதம் அலமாரியின் அடியிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தாள். அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு கடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். எடுத்துத் தூசி தட்டி வைத்தாள், அவ்வளவுதான். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், கூடத்தில் நான் மகளுக்கு ணகர னகர வேறுபாட்டைத் தப்பாகச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்தாள். அன்றிலிருந்து பாடம் அவளுடையது, அடுக்களை என்னுடையது. என் சாம்பார் பந்திச் சாம்பாரைப்போல் இராது என்றாலும் பிள்ளைகள் உண்ணுகிறார்கள். தை மாதத்தில் அவளே செயலாளரிடம் போய், ஞாயிறு வகுப்பை நான் எடுக்கிறேன் என்று சொன்னாள். பங்குனியில் என் மகள் பாட்டிக்கு நான்கு வரி எழுதினாள். கோவில்பட்டி என்பதில் ஒரு டகரத்தைத் தவறவிட்டிருந்தாள். அறுவை நல்லபடியாக முடிந்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் தாயார் அதைத் தாமே படித்ததாகவும், விட்டுப்போன டகரத்தைச் சிவப்பு மையால் போட்டுத் தலையணைக்கடியில் வைத்திருப்பதாகவும் மறு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் குளிர்சாதனப் பெட்டியின்மேல் கிடக்கவில்லை. மகளே எழுத்துக் கூட்டிப் படித்து எங்களுக்குச் சொன்னாள்.

வகுப்பு இப்போது ஞாயிறுதோறும் காலை 7 மணி முதல் 8 வரை, சங்கக் கூடத்தின் பின் அறையில் நடைபெறுகிறது. முன்பு பத்து மணிக்கு வைத்திருந்தோம். பத்து மணி என்றால் கடைத்தெருவும் எண்ணெய்க் குளியலும் குறுக்கே வந்து பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். இவ்வூர்ச் சூரியனுக்கு ஏழு மணி என்பது நன்றாக விடிந்த பொழுது என்பதை முன்னே சொன்னேன். இதுவரை பதினேழு பிள்ளைகள் வருகிறார்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பிரிவு தொடங்க இன்னுமோர் ஆசிரியர் வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்தாலும் போதும். அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. கரும்பலகையின் ஒரு கால் உடைந்திருக்கிறது. ஒர்க்ஷாப் அன்பர்கள் யாரேனும் பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும். வர விருப்பமுள்ள தாய்மார்களின் வீட்டில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அடுக்களையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு, அவ்வீட்டு ஐயாமார்கள் இங்கேயே இருக்கிறார்கள், விடையை அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பந்தி தயாராகிவிட்டதென்று சமையற்கட்டிலிருந்து சைகை காட்டுகிறார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் நாலு நிமிஷம் மிச்சமிருக்கிறது. வாளியை நான் வாங்கிக்கொள்ளப் போகிறேன்.